போய்ச் சேர்ந்தது என்று காட்டிய செய்தி

தம்பி,

நீ மேலே உன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். டேப்பை இழுத்து அறுக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ நினைக்கக்கூடும். முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டொரு முறை வந்தேன். வாசலில் நின்று, துவைத்த சட்டைகளைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒக்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன அன்று, "எனக்கு இனி இந்த வேலை ஏலாது அம்மா. அங்க பாங்க் வேலை. ஆஸ்பத்திரியும் இல்லை, மருந்தும் இல்லை" என்றாய். நான் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போனேன். அந்தச் "சரி"யை நீ சம்மதம் என்று எடுத்தாயோ கோபம் என்று எடுத்தாயோ தெரியாது. அது இரண்டும் இல்லை. என் பதில் இதுதான். வாசித்துவிட்டு நீ சம்மதித்தால், எங்கள் சங்கத்து மலரில் போடக் கொடுப்பேன். உன்னைப் போல வேலை பார்க்கிற பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களுடைய அம்மாமாரும் அறியட்டும்.

உன் வேலை என்னவென்று நெடுங்காலம் எனக்கு விளங்கவில்லை. வெஸ்ட் ஈலிங் கோயிலில் யாராவது கேட்டால் "கவர்ன்மென்டில் கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். ஒருநாள் அப்பாதான் உன்னைப் பிடித்து இருத்தி, எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து குடும்ப டொக்டருக்கும், டொக்டரிடமிருந்து பார்மசிக்கும் இப்போது தாளில் ஒன்றும் போவதில்லை, எல்லாம் கொம்பியூட்டர் வழியாகத்தான் போகிறது என்று நீ சொன்னாய். அந்தச் செய்திகளைக் கொண்டுபோகிறவை தனியார் கொம்பனிகள். எந்தக் கொம்பனியை நம்பி அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று சோதித்து அனுமதி கொடுப்பது அரசாங்க அலுவலகம் ஒன்று. அங்கே சோதிக்கிற அதிகாரிகளில் நீயும் ஒருவன். அப்பாவுக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் கராஜில் என்ஜின் பார்த்தே தலை நரைத்த மனிதர். "அப்ப நீ வண்டியை றோட்டில விடலாமோ எண்டு பாக்கிற ஆள்" என்றார். அதற்குப் பிறகு யாரைக் கண்டாலும் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்த வேலைக்கு நீ பொருத்தமானவன் என்றுதான் நானும் நினைத்தேன். சின்ன வயதில் எங்களோடு டொக்டரிடம் வந்து மொழிபெயர்ப்பது நீதான். மற்றப் பிள்ளைகள் டொக்டர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு விளையாட ஓடுவார்கள். உனக்கு ஒரு சொல் விளங்காவிட்டால் அந்த மனிதரை விடமாட்டாய். அவர் வேறு சொல்லில் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்பாய். வெளியில் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று நான் உன் கையைக் கிள்ளுவேன். அப்பா கிள்ள விடமாட்டார்.

அப்பாவுக்கு இதயத் துடிப்புப் பிசகி, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான குளிசை தொடங்கியது உனக்கு நினைவிருக்கும். அடிக்கடி ஊசி குத்தி இரத்தம் பார்த்து, அளவைக் கூட்டிக் குறைக்கிற பழைய குளிசை. அவருக்கு அந்தக் குத்துதான் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் ஒருநாள், இனிப் புதுக் குளிசை ஒன்று தருகிறோம், அடிக்கடி இரத்தம் பார்க்கத் தேவையில்லை என்றார்கள். பையில் புதுக் குளிசையைக் கொடுத்து அனுப்பினார்கள். தாள் ஒன்றும் தரவில்லை. குடும்ப டொக்டருக்கு எல்லாம் நேரே போய்விடும் என்றார்களாம். அப்பா குட்மேய்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, வழியில் ஒரு கூறு வெண்டிக்காயும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். இரத்தம் பார்க்கிற கிளினிக்கிலிருந்தும் இனி வரவேண்டாம் என்று போனில் சொன்னார்கள். ஆகவே செய்தி எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஆனால் குடும்ப டொக்டருக்கு அது போகவில்லை. அவர் பழைய குளிசையை நிறுத்தவில்லை. பார்மசிக்காரர் வழக்கம்போல, நாள்வாரியாகப் பிரித்து அடைத்த பெட்டியில் பழைய குளிசையையும் போட்டு வீட்டில் கொண்டுவந்து தந்தார். காலையில் தேத்தண்ணியோடு அந்தப் பெட்டியிலிருந்து ஒன்று, ஆஸ்பத்திரிப் பையிலிருந்து ஒன்று. நான்தான் எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைப்பேன். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு மருந்துகள் என்று எனக்குத் தெரியாது. கைகளில் நீலமாகக் கன்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குழாய் பூட்டிக் கொடுத்தபோது எங்கேயோ இடித்துவிட்டேன் என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை பகல், கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை இடிக்கிறது என்று நெற்றியைப் பிடித்தார். என்னைக் கூப்பிட்டு ஏதோ சொல்லப் பார்த்தார். வாய் கோணிவிட்டது. அம்புலன்ஸ் வந்தது, நீ வந்தாய். மூளைக்குள் இரத்தம் பெருகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அங்கே ஒரு பெண் டொக்டர் உன்னிடம் சொன்னார். நீ அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கொள்ளி வைத்தாய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தாய், சாம்பல் கரைத்தாய். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தாய். அதற்குப் பிறகு உன் முகம் மாறியது. நான் அதைத் துக்கம் என்றே எடுத்தேன். என்னைக் கடைக்குக் கூட்டிப்போவாய், கோயிலில் இறக்கிவிடுவாய், ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாய். இரண்டு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் உயிர் போனது என்று ஆஸ்பத்திரி விசாரித்துச் சொன்னது. எங்கள் டொக்டரின் சேர்ஜரி, அவர் நோயாளிகளைப் பார்க்கிற இடம், பக்கத்திலிருந்த இன்னொரு சேர்ஜரியோடு சேர்ந்தபோது அதற்குக் கொம்பியூட்டரில் இருந்த முகவரி மாறியதாம். செய்தியைக் கொண்டுபோன கொம்பனி அதைப் பழைய முகவரியிலேயே போட்டிருக்கிறது. அதைத் திறந்து பார்க்க அங்கே ஆள் இல்லை. ஆஸ்பத்திரித் திரையிலோ "போய்ச் சேர்ந்தது" என்று பச்சை எழுத்தில் காட்டியிருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தம்பி. எங்கள் ஆட்கள் செத்தவரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

மரண விசாரணை மன்றுக்கு நீயும் நானும் பஸ்ஸில் போனோம். மன்று என்று பெயர்தானே தவிர, ஒரு சின்னப் பள்ளிக்கூட வகுப்பு மாதிரித்தான் இருந்தது. ஆஸ்பத்திரி டொக்டர் பேசினார், பார்மசிக்காரர் பேசினார். பார்மசிக்காரர் அழுதார். பிறகு உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். செத்தவர் உன் அப்பா என்பதால் இந்த விஷயத்தில் நீ தலையிடக் கூடாது என்று அலுவலகம் உன்னை ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தாய். அந்தப் பெண்மணி மரியாதையாகப் பேசினார். கொம்பனிக்கு அனுமதி கொடுத்ததில் விதி மீறப்படவில்லை, பரிசோதித்த அதிகாரி திருப்தி அடைந்த பிறகே கையெழுத்திட்டார் என்றார். விசாரணை அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, குடும்பத்தாருக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டார். நான் இல்லையென்று தலையசைக்க முன்பே நீ எழும்பிவிட்டாய்.

நீ ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். "எனக்குக் கேள்வி இல்லை. பரிசோதித்த அதிகாரி நான்தான். நான் திருப்தி அடையவில்லை. இருந்தும் கையெழுத்துப் போட்டேன்."

 அந்தப் பெண்மணி உன்னை இரங்கிப் பார்த்தார். விசாரணை அதிகாரி உன்னை முன்னால் வரச் சொல்லி, சத்தியம் செய்வித்து, ஆறுதலாகக் கேட்டார். "போய்ச் சேர்ந்தது" என்றால் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அந்தக் கொம்பனியிடம் நீ கேட்டிருக்கிறாய். எங்கள் இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அதன் பொருள், டொக்டர் பார்த்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாய். பழைய கொம்பனியின் ஒப்பந்தம் முடிகிறது, ஆஸ்பத்திரிகள் காத்திருக்கின்றன, இப்போது அனுமதியைக் கொடு, குறையைப் பிறகு திருத்தவேண்டும் என்று நிபந்தனை போடு என்றார் அவர். நீ அப்படியே செய்தாய். பிறகு உன்னை வேறு கொம்பனிகளைச் சோதிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். திருத்தவேண்டிய தவணை வந்தது, போனது. கொம்பனி திருத்தவில்லை. திருத்தினார்களா என்று பார்க்கவும் ஆள் இருக்கவில்லை. "யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன்" என்றாய். 

வெளியில் நடையில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று உன்னைக் கேட்டேன். அன்று நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அந்தியேட்டி முடிஞ்ச கிழமை அம்மா. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில கொம்பனியின்ர பேரைப் பாத்தன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் என்ர முகத்தைப் பாத்திருப்பீங்களோ?"

 பஸ்ஸில் நான் முன்னுக்கு இருந்தேன், நீ பின்னுக்கு இருந்தாய். வீட்டுக்கு வந்து சோறு போட்டு மூடி வைத்தேன். நீ சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தோம். எனக்குக் கோபம் இருந்தது. மறைத்தால் கோபம் வராதா? மாதக்கணக்காக என் எதிரே இருந்து சாப்பிட்டிருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்டதை விடவும் அதுதான் என்னை எரித்தது. உன்னைக் கண்டால் அவருடைய முகம் தெரியும். அவருடைய முகம் தெரிந்தால் நீ எழும்பி நின்றது தெரியும். அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவேன்.

ஸ்ட்ரெதமிலிருந்து சித்தப்பா வந்தது அப்போதுதான். நீ வேலைக்குப் போயிருந்தாய். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "பெடியன் பேசாமல் இருந்திருக்கலாம் அண்ணி. அவனை ஆர் கேட்டது? இப்ப வேலையும் போகும், பேரும் போகும்" என்றார். உன்மேல் இருந்த அன்பில்தான் சொன்னார். அவரும் அண்ணனை இழந்தவர். ஆனால் என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவர் உங்கட அண்ணை" என்றேன். "அவர் எப்பிடிச் செத்தவர் எண்டு உங்களுக்குத் தெரிய வேண்டாமோ?"

சித்தப்பா கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வாசலுக்குப் போனார். நான் உனக்காகப் பேசிவிட்டேன் என்பது அவர் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. உன்னோடு அப்போதும் நான் பேசவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் கோபம் பழைய மாதிரி இருக்கவில்லை.

உன்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. நீ எதிர்பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். நிற்பாட்டியிருந்தால் உனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர்கள் உன்னிடம் அன்பாக நடந்தார்கள், லீவு எடுக்கச் சொன்னார்கள், மனம் விட்டுப் பேசுவதற்கு ஆள் ஒழுங்கு செய்தார்கள். இனி இப்படி ஒரு சாவு வராமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரணை அதிகாரி அரசாங்கத்துக்கு எழுதினார். அதன் பிறகு புது விதி கொண்டுவரக் கூட்டம் போட்டார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களும் வரலாம் என்றார்கள். நீ போகச் சொல்லவில்லை, போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் தனியாகப் போனேன். நல்ல பெரிய மண்டபம், பிஸ்கட்டும் பழமும் வைத்திருந்தார்கள். கொம்பனிக்காரர் ஒருவர் எழும்பி, ஒவ்வொரு செய்தியையும் டொக்டர் பார்த்தாரா என்று உறுதிப்படுத்தினால் எல்லாம் மெதுவாகிவிடும், நோயாளிகளுக்குத்தான் நட்டம் என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், போய்ச் சேர்ந்தது என்று போடுகிறீர்களே, யாரிடம் என்றும் போட்டால் என்ன என்று கேட்டேன். மேடையில் இருந்த பிள்ளை நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டாள்.

விதி வந்தது, நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். இனி அனுமதி கேட்டு வருகிற கொம்பனிகள், செய்தி "பெறுபவர் பார்க்கக்கூடிய நிலையில்" வைக்கப்பட்டதென்று காட்டவேண்டுமாம். பார்க்கக்கூடிய நிலை. பார்த்தாரா என்பது அதில் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கொம்பனிகளுக்குச் சில வருஷ அவகாசம். புது விதிக்காக நீ எழுதிக் கொடுத்த யோசனைகளில் கால்வாசிதான் அதில் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு நீ எழும்பிப் போனாய். ஒக்லாந்து வேலைக்கு மனுப்போட்டது அந்தக் கிழமைதான் என்று பிறகு கணக்குப் பார்த்து அறிந்தேன். அந்தக் கொம்பனி இன்னும் இருக்கிறது. என் பிரஷர் குளிசைக்குரிய சீட்டும் அந்த வழியாகத்தான் பார்மசிக்குப் போகிறது. ஒவ்வொரு மாதமும் நான் நேரில் போய், டொக்டர் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன வந்தது என்று இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டுத்தான் குளிசையை வாயில் போடுகிறேன். கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வருவேன்.

நீ மன்றில் எழும்பிச் சொன்னாய். நான் ஒன்றை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொன்னால் உனக்கு வலிக்கும் என்று இவ்வளவு நாளும் வைத்திருந்தேன். ஆனால் மறைத்ததற்காக உன்னோடு கோபித்தவள், நானும் மறைத்து வைத்துக்கொண்டு உன்னை வழியனுப்ப முடியாது. பழைய குளிசையும் புதுக் குளிசையுமாக முதல்நாள் கையில் வைத்தபோது, எனக்கு மனம் ஒப்பவில்லை. "இஞ்சாருங்கோ, பழசை நிப்பாட்டச் சொன்னவையோ?" என்று கேட்டேன். அப்பா சொன்னார்: "நிப்பாட்டிறதெண்டா பார்மசிக்குச் செய்தி போயிருக்கும். உதெல்லாம் பாக்கத்தானே தம்பி இருக்கிறான். நீர் பயப்பிடாதையும்." சொல்லிவிட்டு இரண்டையும் விழுங்கினார். பெருமையாகத்தான் சொன்னார், ராசா. அவருடைய முகத்தில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு நினைவு திரும்பியிருந்தாலும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகும் குளிசையைத் தினமும் கொடுத்தது நான். சரியாகச் சொல்லாமல் அனுப்பியது ஆஸ்பத்திரி. அடைத்துக் கொடுத்தது பார்மசி. கையெழுத்துப் போட்டது நீ. போடச் சொன்னது உன் மேலதிகாரி. நாங்கள் எல்லாரும் எங்களுக்கு அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினோம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத என் கை வரவில்லை. அந்தச் சொல்லை எழுதினால் உன்னை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் வைப்பதாகிவிடும். நான் உன் பக்கத்தில்தான் நிற்கிறேன். சில நாட்கள் உன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பதும் உண்மை, அந்த நாட்களிலும் நீ வீட்டுக்கு வருகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன் என்பதும் உண்மை.

ஒக்லாந்துக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று, வயது போன ஒருத்தி தடுத்து நீ நின்றுவிட்டால், அந்தப் பாரமும் உனக்குத்தான். ஆனால் இந்த வேலையே வேண்டாம் என்று நீ பாங்குக்குப் போவதுதான் என் மனத்துக்குச் சரியாகப் படவில்லை. உன் இடத்துக்கு ஓர் ஆளை எடுத்துவிட்டார்கள், நல்ல கெட்டிக்காரப் பிள்ளை என்று போன கிழமை சொன்னாய். இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் அப்பா உயிரோடு இருப்பார். நாளைக்கு ஒரு கொம்பனி வந்து, இப்போது அனுமதி தாருங்கள், பிறகு திருத்துகிறோம் என்று சொல்லும். மேலதிகாரி அவசரப்படுத்துவார். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு தவணை, ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். அதன் மறுமுனையில் என்ன நடக்கும் என்று அந்த அலுவலகத்தில் அறிந்தவன் நீ ஒருத்தன். நீயும் போகிறாய். அந்த நாட்டிலும் ஆஸ்பத்திரிகள் இருக்கும், அவற்றின் செய்திகளைக் காவிக்கொண்டு போகிற கொம்பனிகள் இருக்கும், அவற்றைச் சோதிக்கிறவர்கள் இருப்பார்கள். கொஞ்சக் காலம் பாங்கில் இரு, மனம் ஆறட்டும். பிறகு அந்த ஆட்களைத் தேடிப் போ.

அதற்கு முன் எனக்காக ஒன்று செய். நீ விமானம் ஏறுமுன், உன் இடத்துக்கு வந்திருக்கிற அந்தப் பிள்ளையை ஒரு பகல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, எனக்குப் பரவாயில்லை. நான் குறை சொல்லமாட்டேன், அழவும் மாட்டேன். முன் அறையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, இந்த வீட்டில் ஒரு மனிதர் இருந்தார், அவர் இப்படித்தான் சிரிப்பார், இப்படித்தான் கதைப்பார், ஒரு சனிக்கிழமை பகல் இந்தக் கதிரையில் இருந்து கிரிக்கெட் பார்த்தவர்தான், பிறகு எழும்பவே இல்லை என்று சொல்லப்போகிறேன். நீயும் பக்கத்தில் இரு. அப்பாவைப் பற்றி நீயும் நானும் ஒன்றாக இருந்து கதைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அம்மா